எழுத்துக்கு முந்திய ஆண்டு: சுவிற்சர்லாந்தின் பாலர் பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள்

சுவிற்சர்லாந்தின் ஜேர்மன் மொழிப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, பிள்ளை நான்கு வயதை நிறைவு செய்யும் ஆண்டு பெரும் எதிர்பார்ப்பையும் ஓரளவு ஏமாற்றத்தையும் ஒருங்கே கொண்டுவருகிறது. கன்டோன் எனப்படும் மாநிலங்கள் தத்தம் கல்வி முறைகளை ஒன்றோடொன்று இணக்கப்படுத்தும் நோக்கில் 2007இல் உருவாக்கி 2009இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த 'ஹார்மோஸ்' உடன்படிக்கையின்படி, அதில் இணைந்த மாநிலங்களில் ஜூலை 31ஆம் திகதிக்குள் நான்கு வயதை நிறைவு செய்த பிள்ளை அவ்வாண்டின் கோடை விடுமுறை முடிந்ததும் 'கிண்டர்கார்டன்' என்னும் பாலர் பள்ளியில் சேர வேண்டும். அங்கே கழியும் இரண்டு ஆண்டுகளும் கட்டாயக் கல்வியின் பகுதியே. ஆனால் எழுத்தும் எண்ணும் இந்த இரண்டு ஆண்டுகளில் முறையான பாடங்களாகக் கற்பிக்கப்படுவதில்லை. விஜயதசமியன்று பச்சையரிசித் தட்டில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதுவித்து ஏடு தொடக்கிய மரபிலிருந்தும், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையை வாழ்வின் முதல் வாயிலாகக் கருதிய இலங்கைக் கல்விச் சூழலிலிருந்தும் வந்த பெற்றோர், "இண்டைக்கு ரீச்சர் என்ன படிப்பிச்சவ?" என்று கேட்பதும், "ஒண்டுமில்லை, விளையாடினனான்" என்று பிள்ளை சொல்வதும், அந்தப் பதிலால் அவர்கள் கவலையுறுவதும் பல வீடுகளில் நிகழ்பவை.

இந்தக் கவலை பள்ளியைப் பற்றிய ஒரு பிழையான கணிப்பிலிருந்து எழுகிறது. அதே ஆண்டில் பள்ளியும் தமிழ்ப் பிள்ளையைப் பற்றி வேறொரு பிழையான கணிப்பைச் செய்யக்கூடும். இவ்விரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால், முதற் பள்ளியாண்டில் பிள்ளை உண்மையில் எதைக் கற்கிறது என்பதை இரு தரப்பும் காணத் தவறுகின்றன.

எழுத்தைத் தள்ளிவைக்கும் இந்த முறை, கவனக்குறைவால் தோன்றியதன்று. அதற்கு இருநூறு ஆண்டு கடந்த சிந்தனை மரபு உண்டு. சூரிச்சில் பிறந்த யோகான் ஹைன்ரிச் பெஸ்டலோசி (1746–1827), சொற்களை மனனம் செய்விப்பதற்கு முன் பொருள்களைக் கண்டும் தொட்டும் அறியச் செய்ய வேண்டும் என்றும், தலையும் இதயமும் கையும் ஒருங்கே வளர வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அவருடைய இவெர்டோன் பள்ளியில் 1808 முதல் 1810 வரை இருந்து கற்ற ஜேர்மானியரான ஃபிரீட்ரிச் ஃபிரோபெல், பின்னர் பேர்ண் மாநிலத்துப் புர்க்டோர்ஃப் நகரில் அநாதைப் பிள்ளைகளின் இல்லமொன்றை நடத்திவிட்டு, 1837இல் ஜேர்மனியின் பிளாங்கன்புர்க்கில் சிறு பிள்ளைகளுக்கான தமது நிலையத்தைத் தொடங்கினார். கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840இல் அதற்குச் சூட்டினார். கம்பளிப் பந்து, மரத்தாலான உருண்டை, கனசதுரம், உருளை ஆகியவற்றைக் கையிலெடுத்து உருட்டியும் அடுக்கியும் உலகின் ஒழுங்கைப் பிள்ளை உணர வேண்டும் என்பது அவர் வகுத்த வழி. ஜேர்மன் மொழி வழங்கும் 21 மாநிலங்களுக்குப் பொதுவாக 2014இல் ஏற்கப்பட்ட 'லேர்பிளான் 21' என்னும் பாடத்திட்டம் இதே தடத்தில் நிற்கிறது. பாலர் பள்ளியின் இரண்டு ஆண்டுகளையும் அதை அடுத்த இரு வகுப்புகளையும் ஒரே கட்டமாகக் கொள்ளும் அத்திட்டம், உடலியக்கம், புலனுணர்வு, கால உணர்வு, இட உணர்வு, தொடர்புகளைக் கண்டறிதல், கற்பனை, கற்றலை எண்ணிப் பார்த்தல், மொழி, தற்சார்பும் கூடிவாழ்தலும் என ஒன்பது வாயில்களை வகுத்து, அவற்றின் வழியே பாடங்களுக்குள் பிள்ளை மெல்ல நுழையட்டும் என்கிறது.

இவற்றுள் தற்சார்பு என்பதன் பொருளைத் தமிழ்ப் பெற்றோர் முதலில் உணர்வது வகுப்பறைக்கு வெளியே, வீதியில். சுவிற்சர்லாந்தில் நான்கைந்து வயதுப் பிள்ளைகள் பாலர் பள்ளிக்குத் தாமாக நடந்து செல்வது வழக்கம். தொலைவிலிருந்தே வாகன ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும்படி, ஒளியைத் திருப்பி வீசும் பட்டைகள் கொண்ட முக்கோண வடிவ மேலணி ஒவ்வொரு பிள்ளைக்கும் இலவசமாக வழங்கப்படுகிறது. போக்குவரத்துப் பொலிஸார் பாலர் பள்ளிக்கே வந்து வீதியைக் கடக்கும் முறையைப் பிள்ளைகளுக்குப் பழக்குகின்றனர்: ஓரத்தில் நிற்க வேண்டும், இரு பக்கமும் பார்க்க வேண்டும், வண்டியின் ஓசையைக் கேட்க வேண்டும், சக்கரங்கள் முற்றாக நின்ற பின்பே நடக்க வேண்டும். ஓட்டுநர் கையசைத்து அழைத்தாலும் சக்கரம் உருண்டுகொண்டிருக்கும் வரை அடியெடுத்து வைக்கலாகாது என்ற விதி கூர்ந்து நோக்கத்தக்கது. பெரியவர் ஒருவரின் சைகையைவிடத் தன் கண்ணால் கண்டதை நம்பும்படி நான்கு வயதிலேயே ஒரு பிள்ளைக்குக் கற்பிக்கப்படுகிறது. பெரியவர் சொல் கேட்பதையே நற்பண்பின் முதற்படியாகக் கொண்ட வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு இது அகரத்தைக் காட்டிலும் கடினமான பாடம் என்று சொல்லலாம். முதற் கிழமைகளில் தாயோ தந்தையோ உடன் நடக்கின்றனர், பிறகு பாதி வழியில் நின்றுவிடுகின்றனர், பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கூட்டி அனுப்புகின்றனர். காரில் கொண்டுபோய் இறக்கிவிடும் பெற்றோரைப் பள்ளி நிர்வாகங்கள் கடிதம் எழுதித் தடுக்க முயல்வதற்குக் காரணம், வாசலில் நெரிசல் உண்டாவது மட்டுமன்று; வழியில் இலையைப் பொறுக்குவதும் நத்தையைப் பார்ப்பதும் நண்பனோடு பிணங்கிச் சமாதானமாவதும் பள்ளி நாளின் பகுதியாகவே கருதப்படுகின்றன. இலங்கைப் போர்க்காலத்துச் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வளர்ந்து, பிள்ளை கண்ணிலிருந்து மறைவதைப் பேராபத்தாக அறிந்த ஒரு தலைமுறைக்கு இந்த வழக்கம் எளிதில் கைகூடாது என்பதை இந்நாட்டு ஆசிரியர் பலர் அறிந்திருப்பதில்லை. பெற்றோரின் தயக்கத்தை மிகைப் பாசம் என்று மட்டும் கொள்வது அநீதியானது.

பள்ளியின் உள்ளே நாள் ஓர் ஒழுங்கில் நகர்கிறது. வாசலில் சப்பாத்தைக் கழற்றி, 'ஃபிங்கன்' எனப்படும் வீட்டுக்காலணியைத் தானே அணிந்து, மேற்சட்டையைத் தன் படம் ஒட்டிய கொக்கியில் மாட்ட வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்து பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதன்று, ஆனால் சட்டையின் பொத்தானையும் ஸிப்பையும் தானே பூட்டுவது பெரும்பாலும் புதிது. பின்னர் கதிரைகளை வட்டமாகப் போட்டு அனைவரும் அமர்கின்றனர். அவ்வட்டத்தில் பாட்டு உண்டு, கதை உண்டு, அன்று யார் வரவில்லை என்ற விசாரிப்பு உண்டு. தன் முறை வரும்வரை காத்திருப்பதும், மற்றவர் பேசும்போது தன் சொல்லை நாவில் அடக்கிவைப்பதும் அங்கே கற்கப்படுகின்றன. காலை ஒன்பது மணியளவில் உண்ணும் 'ஸ்னூனி' என்னும் சிற்றுணவுக்கு இனிப்பும் பிஸ்கற்றும் கூடாது, பழமோ பச்சைக் கரட்டோ பாணோ வேண்டும் என்ற அறிவுறுத்தல், கரட்டைக் கறியாகவோ சம்பலாகவோ மட்டும் உண்டு பழகிய வீடுகளில் சிறு மாற்றத்தை ஏற்படுத்துகிறது. எஞ்சிய நேரத்தின் பெரும்பகுதி தன்விருப்ப விளையாட்டுக்குரியது. கட்டைகள், மணல், பொம்மை வீடு, வண்ண மேசை ஆகியவற்றுள் எதை எடுப்பது, யாரோடு சேர்வது, எப்போது முடிப்பது என்பவற்றைப் பிள்ளையே தீர்மானிக்க வேண்டும். ஆசிரியர் அருகிலிருந்து கவனித்துக் குறித்துக்கொள்கிறார். முடிவெடுத்தலை ஒருபோதும் தன் பொறுப்பாகக் கொள்ளாத பிள்ளை, முதல் மாதங்களில் அறையின் நடுவே நின்றுவிடுவதும் உண்டு.

பல பாலர் பள்ளிகளில் கிழமைக்கொரு நாளோ மாதத்துக்கொரு நாளோ காட்டுக்குச் செல்கின்றனர். மழை பெய்தாலும் போவார்கள். நனைந்தால் தடிமன் பிடிக்கும் என்று அஞ்சி அந்நாளில் பிள்ளையை மறித்துவைக்கும் பெற்றோர், சேற்றில் விழுந்தெழுந்து, சுள்ளி பொறுக்கி, தீ மூட்டுவதைப் பார்த்து, கத்தியால் குச்சி சீவக் கற்கும் ஒரு முழுநாள் வகுப்பை இழக்கச் செய்கின்றனர். தீயில் வாட்டும் இறைச்சிக் குழல் வெள்ளிக்கிழமை விரதக் குடும்பங்களுக்குச் சிக்கலாகலாம். முன்கூட்டிச் சொன்னால் பாணோ சோளமோ வாட்டத் தருவார்கள், சொல்லாமலிருப்பதே வழக்கமாகிவிட்டது. நவம்பரில் முள்ளங்கியை ஒத்த கிழங்கொன்றைக் குடைந்து, தோலில் விண்மீனும் நிலவும் செதுக்கி, உள்ளே மெழுகுதிரி ஏற்றிப் பாடிக்கொண்டு ஊர்வலம் போகும் விழாவில் மட்டும் தமிழ்க் குடும்பங்கள் தயக்கமின்றிக் கலந்துகொள்கின்றன. கார்த்திகை விளக்கீட்டை அண்டிய காலம் என்பதால் பாட்டிமாருக்கும் அது அந்நியமாகத் தோன்றுவதில்லை.

மொழியே இவ்வாண்டின் மிகக் கடினமான பகுதி. சுவிஸ் ஜேர்மன் என்னும் பேச்சுமொழிக்கும் எழுத்து ஜேர்மனுக்கும் உள்ள தொலைவு பெரிது. மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு பற்றி, அதாவது ஒரே சமூகம் உயர்வழக்கு ஒன்றையும் பேச்சுவழக்கு ஒன்றையும் வெவ்வேறு சூழல்களில் கையாளும் நிலை பற்றி எழுதியபோது எடுத்துக்கொண்ட நான்கு முதன்மைச் சான்றுகளுள் இதுவும் ஒன்று. பாலர் பள்ளியில் எந்த வழக்கைப் பேசுவது என்பது அரசியல் வினாவாகவும் ஆகி, சூரிச்சில் 2011இலும் ஆர்காவில் 2014இலும் மக்கள் வாக்கெடுப்பால் பேச்சுமொழிக்குச் சார்பாக முடிவானது. சிறுவர் நிகழ்ச்சிகளிலிருந்து எழுத்து ஜேர்மனைச் சிறிது அறிந்து வரும் தமிழ்ப் பிள்ளை, வகுப்பில் வேறொன்றைக் கேட்டுத் திகைக்கிறது. வீட்டில் பேசும் தமிழும் தேவாரத் தமிழும் ஒன்றல்ல என்பதை ஏற்கெனவே செவியால் உணர்ந்த பிள்ளைக்கு இந்த இரட்டைநிலை தாண்ட முடியாதது அன்று. காலம் வேண்டும், அவ்வளவே.

அந்தக் காலத்தைப் பிள்ளை பெரும்பாலும் வாய் திறவாமல் கழிக்கிறது. இரண்டாம் மொழியை எதிர்கொள்ளும் சிறுபிள்ளைகள் சில மாதங்கள் பேசாமலிருந்து கேட்டு உள்வாங்குவதை ஆய்வாளர்கள் மௌனக் காலம் என்பர். அம்மௌனத்தில் பிள்ளை சும்மா இருப்பதில்லை: மற்றவர் எழும்போது எழுகிறது, பாட்டின் கையசைவுகளைப் பிழையின்றிச் செய்கிறது, வீட்டுக்கு வந்து பொம்மைகளை வட்டமாக இருத்தி ஆசிரியரின் தொனியிலேயே அதட்டுகிறது. வீட்டில் நடப்பதைக் காணாத ஆசிரியர், பிள்ளை புரிந்துகொள்ளவில்லை என்றோ வளர்ச்சியில் பிந்தியிருக்கிறது என்றோ கருத இடமுண்டு. காலையில் கைகொடுத்து, கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்லும் வழக்கமும் இக்கணிப்பைக் கூட்டுகிறது. பெரியவர் முன் பார்வையைத் தாழ்த்துவது பணிவு என்று பழகிய பிள்ளை, ஒளிந்துகொள்ளும் பிள்ளையாக எண்ணப்படுகிறது. பள்ளியின் பிழையான கணிப்பு என்று மேலே குறிக்கப்பட்டது இதுவே. இதைத் திருத்தும் வாய்ப்பு பெற்றோர் சந்திப்பில் உண்டு. ஆனால் உணவகச் சமையலறையில் இரவு வேலை முடித்து வரும் தந்தை தலையாட்டிவிட்டுத் திரும்புவதும், பத்து வயது அக்காவை மொழிபெயர்ப்பாளராக இருத்திவிடுவதும் அவ்வாய்ப்பை வீணாக்குகின்றன. பல இடங்களில் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைப் பள்ளி மூலம் பெறலாம். அதைக் கேட்பதில் கூச்சத்துக்கு இடமேயில்லை. பிள்ளை வீட்டில் எவ்வளவு பேசுகிறது, எதைத் தானாகச் செய்கிறது, எந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்பவற்றை ஆசிரியர் அறிய வேறு வழியில்லை.

பிள்ளையின் மௌனத்தைக் கண்டு அஞ்சும் பெற்றோர் சிலர், வீட்டிலும் தமிழை நிறுத்தி, தாம் வேலையிடத்தில் கற்ற ஜேர்மனில் பேசத் தொடங்குகின்றனர். இது தவறான மருந்து. ஜேர்மனைக் கற்க வீட்டுக்கு வெளியே இடம் உண்டு: பாசல் நகர மாநிலம் 2013இல், ஜேர்மன் போதாத பிள்ளைகளைப் பாலர் பள்ளிக்கு முந்திய ஆண்டில் கிழமைக்கு இரண்டு அரைநாள் விளையாட்டுக் குழுவுக்குக் கட்டாயமாக அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. அங்கே ஜேர்மனைத் தருவது அதை இயல்பாகப் பேசுவோரின் கடமை. வீட்டின் கடமை, ஏன், எப்படி, பிறகு என்ன என்று விரியும் நீண்ட பேச்சைப் பிள்ளைக்குப் பழக்குவது, அது பெற்றோருக்கு முழுமையாக வாய்த்த மொழியிலேயே கூடும். இந்நாட்டிலேயே பாலர் பள்ளிக்குச் சென்று வளர்ந்த இரண்டாம் தலைமுறைப் பெற்றோருக்குச் சுவிஸ் ஜேர்மனும் அத்தகைய மொழியாகிவிட்டது. அவர்கள் வீட்டில் தமிழைக் காக்க வேறு முயற்சி வேண்டும், பாட்டன் பாட்டியோடு பிள்ளை கழிக்கும் பொழுதுகள் அதற்குப் பேருதவி.

ஹார்மோஸ் உடன்படிக்கையே தாய்மொழி வகுப்புகளுக்கு மாநிலங்கள் ஏற்பாட்டு வகையில் துணைநிற்க வேண்டும் என்கிறது. தமிழ்ப் பள்ளிகள் பலவும் புதன் பிற்பகலிலும் சனிக்கிழமையிலும் பள்ளிக் கட்டடங்களிலேயே இயங்குகின்றன. பாலர் பள்ளியில் எழுத்துப் பாடம் இல்லாமையால், இப்பிள்ளைகளுள் பலர் வகுப்பொன்றில் முதலில் எழுதப் பழகும் எழுத்து தமிழெழுத்தாகவே அமைகிறது. காலையில் கட்டையடுக்கிக் காட்டில் நடந்து பழகிய நான்கு வயதுப் பிள்ளையை மாலையில் வரிசையாக இருத்தி, அகரத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தெழுதச் சொன்னால், தமிழ் அதற்குத் தண்டனையின் மொழியாகிவிடும். தமிழ்ப் பள்ளிகளின் பாலர் வகுப்பிலும் கதிரைகள் வட்டமாகப் போடப்பட வேண்டும். களிமண்ணும் மணலும் அங்கே வர வேண்டும். பாட்டும் கதையும் முதலில் வந்து, எழுத்து அவற்றுக்குப் பின்னால் வரலாம். இப்போது அவ்வகுப்புகளில் கற்பிக்க முன்வரும் இளைஞர் பலர் இந்நாட்டுப் பாலர் பள்ளியில் படித்தவர்கள் ஆதலால், இம்மாற்றத்தைச் செய்ய அவர்களைவிடத் தகுந்தவர் இல்லை. நிர்வாகங்கள் அவர்களுக்கு அந்தச் சுதந்திரத்தைக் கொடுக்க வேண்டும்.