எழுதுகோலும் ஓர் அமானிதமே



திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று மத்ரஸாப் பிள்ளைகளைக் கேட்டால், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் என்று உடனே சொல்லிவிடுவார்கள். அது எதைப் பற்றியது என்று கேட்டால் சற்றுத் தயங்குவார்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது அது. எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும், கடன்பட்டவர் சொல்லும்போது எதையும் குறைத்துவிடக் கூடாது, எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு இழைக்கப்படக் கூடாது என்றெல்லாம் அல்லாஹ் விரிவாகக் கட்டளையிடுகிறான். ஒரு தாளில் எழுதும் வரிக்கு நம் மார்க்கம் எத்தனை கனம் தந்திருக்கிறது என்று சிந்தித்துப் பாருங்கள்.

எங்கள் தாமல், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். மேற்கே இராணிப்பேட்டையின் தோல், இரசாயனத் தொழிற்சாலைகள். கிழக்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வாகனத் தொழிற்சாலைகள். இரவும் பகலும் லாரிகள் எங்களைக் கடந்து செல்கின்றன. தார்ப்பாய்க்கு அடியில் இருப்பது என்ன என்பது சாலையில் நிற்பவருக்குத் தெரியாது. பல வேளைகளில் ஓட்டுநருக்கும் தெரியாது. அவர் கையிலுள்ள தாள் சொல்வதைத்தான் எல்லோரும் நம்புகிறோம்.

என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று ஒரு சரக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார். சில மாதங்களுக்கு முன் அவர் ஒரு கேள்வியோடு வந்தார். சில பீப்பாய்களில் பெயிண்ட் கசடு, தின்னரில் தோய்ந்த துணிகள், கையுறைகள், பழைய எண்ணெய் எல்லாம் கலந்து கிடக்கின்றனவாம். “பெரும்பாலும் துணிதானே, பழைய துணி என்றே எழுதிவிடு” என்கிறாராம் முதலாளி. “ஹஜ்ரத், நான் எழுத மட்டுமே செய்கிறேன்; கையெழுத்து அவருடையது. என் மீது குற்றம் உண்டா?” என்று கேட்டார்.

நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலினுள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை அவருக்கு நினைவூட்டினேன். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. அந்த வியாபாரி வாயால் பொய் சொன்னதாக அதில் இல்லை. குவியலில் இருந்ததும் தானியம்தான். ஆயினும் எது வாங்குபவரைப் பாதிக்குமோ அது அடியில் மறைந்திருந்தது. ‘பெரும்பாலும்’ என்ற சொல் அங்கே செல்லுபடியாகவில்லை.

கலப்புக் கழிவை எழுதும் முறையும் இதே அடிப்படையில்தான் அமைந்திருக்கிறது. அளவில் அதிகமானது எது என்பதைவிட, அபாயத்தில் பெரியது எது என்பதே முதலில் பார்க்கப்படும். தின்னரில் தோய்ந்த துணி, ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. பட்டியலில் வெறும் துணியாகக் கருதப்படுவதில்லை. ‘தீப்பற்றும் திரவத்தை உள்ளடக்கிய திடப்பொருள்’ என்ற பெயரில், 3175 என்ற எண்ணின் கீழ் வருகிறது. பெயருக்கு முன் ‘கழிவு’ என்ற சொல் இடம்பெற வேண்டும். இத்தகைய பொதுப்பெயர்களோடு, அபாயத்திற்கு முதன்மைக் காரணமான ஓரிரு வேதிப்பொருள்களின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். தீப்பற்றும் தன்மையோடு நச்சுத்தன்மையும் உண்டெனில் இரண்டையும் காட்ட வேண்டும்.

நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளும் இதற்கு ஓர் ஒழுங்கு வகுத்துள்ளன. பீப்பாயின் மேல் படிவம் 8இன்படி முகப்புச்சீட்டு. ஓட்டுநரிடம் படிவம் 9இன்படி அவசரகால அட்டை. சுமையோடு படிவம் 10இன்படி ஏழு நிறங்களில் ஏழு நகல்கள். வெள்ளை நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு. மஞ்சள் நகல் அனுப்புபவரிடம். மற்ற ஐந்தும் லாரியில் செல்லும். இளஞ்சிவப்பைப் பெறுபவர் வைத்துக்கொண்டு, ஆரஞ்சை லாரிக்காரரிடம் தருவார். பச்சையை வாரியத்திற்கும், நீலத்தை அனுப்பியவருக்கும் அனுப்புவார். சாம்பல் நிறம், அனுப்பியவர் வேறு மாநிலத்தவராயின் அம்மாநில வாரியத்திற்கு. ஒரே வரிக்கு இத்தனை சாட்சிகள்! முதல் வரி பொய்யானால் ஏழும் பொய்ச்சாட்சிகளாகிவிடும்.

இதன் விளைவை நம் மண்ணே கண்டிருக்கிறது. 2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில், பழைய பொருள் கடை ஒன்றில் ஏழு டன்னுக்கும் மேற்பட்ட உடைந்த கண்ணாடி கண்டுபிடிக்கப்பட்டது. இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வந்த அந்தக் கண்ணாடியில் பாதரசம் கலந்திருந்தது. கண்ணாடி என்பது உண்மைதான். ஆனால் முழு உண்மை அன்று. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது.

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 2017 முதல் 2019 வரை பிரிட்டனிலிருந்து கொழும்புக்கு 263 கொள்கலன்கள் வந்தன. தாளில் இருந்தவை பயன்படுத்திய மெத்தைகளும் தரைவிரிப்புகளும். உள்ளே மருத்துவமனைக் கழிவுகளும் கலந்திருந்ததாக இலங்கைச் சுங்கத்துறை அறிவித்தது. வழக்கு நீதிமன்றம் சென்றது. 2020 செப்டம்பரில் முதல் 21 கொள்கலன்கள் திரும்பின; கடைசித் தொகுதி புறப்பட்டபோது 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. 1989இல் உருவான பாசல் உடன்படிக்கை, ஆவணத்தோடு பொருந்தாத அபாயகரக் கழிவைச் சட்டவிரோதக் கடத்தல் என்றே அழைக்கிறது; அனுப்பிய நாடு அதைத் திரும்பப் பெற வேண்டும் என்கிறது.

திருப்பி அனுப்ப முடிந்தால் அது சிறிய இழப்பு. உயிரை யார் திருப்பித் தருவது? 2022 ஜூன் 4 அன்று வங்கதேசத்தின் சீதாகுண்டாவில் ஒரு கொள்கலன் கிடங்கு தீப்பற்றியது. அங்கிருந்தது கழிவன்று, சரக்கு. ஆயினும் பாடம் ஒன்றே. உள்ளே ஹைட்ரஜன் பெராக்சைடு இருப்பது தங்களுக்குச் சொல்லப்படவில்லை என்று தீயணைப்புத் துறையினர் தெரிவித்தனர். வெடிப்பில் தீயணைப்பு வீரர்கள் பலர் உட்பட ஏறத்தாழ ஐம்பது பேர் மாண்டனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். நெருப்பை நோக்கி ஓடுகிறவர், பெயர் தெரியாத ஓர் எழுத்தரின் சொல்லை நம்பித்தான் ஓடுகிறார்.

“நான் எழுத மட்டுமே செய்கிறேன்” என்ற வாதத்திற்கும் மார்க்கத்தில் விடை உண்டு. வட்டியை உண்பவர், கொடுப்பவர் ஆகியோரோடு, அதை எழுதுபவரையும் அதன் இரு சாட்சிகளையும் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள். குற்றத்தில் அனைவரும் சமம் என்றும் கூறினார்கள். வட்டி வேறு, சரக்குத்தாள் வேறு என்பதை அறிவேன். ஆயினும் தவறு என்று அறிந்தே எழுதும் கை, தனக்குப் பங்கில்லை என்று கூற முடியாது என்பதை அதிலிருந்து நாம் விளங்கிக்கொள்கிறோம்.

அவரிடம் நான் சொன்னது இவ்வளவே: முதலாளியை எதிர்த்துப் பேசாதீர்கள், பணிவோடு உண்மையைச் சொல்லுங்கள். பீப்பாய்களில் இருப்பதைப் பிரிக்க முடிந்தால் பிரிக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பொய்யை எழுத மட்டும் இசையாதீர்கள். ரிஜ்க் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அந்தச் சுமை அன்று புறப்படவில்லை. முதலாளி கோபித்துக்கொண்டார். மாணவர் இன்றும் அங்கேதான் இருக்கிறார். எத்தனை நாளைக்கு என்பது அவருக்கே தெரியாது. வாடகையும், தாயாரின் மருந்துச் செலவும் உள்ள வீடு அது. அவருக்காக துஆ செய்யுங்கள்.

பெற்றோர்களே, காஞ்சிப் பட்டின் பெயர் பெற்ற பகுதியில் வாழ்கிறோம். கலப்பு இழையைத் தூய பட்டு என்றும், செம்புச் சரிகையை வெள்ளிச் சரிகை என்றும் விற்பது மோசடி என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே அளவுகோல் கழிவுக்கும் உண்டு என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்களுள் பலர் நாளை கிடங்குகளிலும் துறைமுகங்களிலும் வளைகுடா நாடுகளின் சரக்கு அலுவலகங்களிலும் அமர்ந்து எழுதப் போகிறவர்கள். வாங்குவோரும் விற்போரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நபிமொழி தரும் செய்தி.

நம் கைகள் எழுதும் ஒவ்வொரு வரியும் மறுமையில் நமக்கு எதிராக அன்றி, நமக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லும்படி அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.