வாய்க்காலுக்கு இரு பக்கமும்

புதுச்சேரியின் பிரெஞ்சு வீதிகளைப் பார்க்க ஒரு காலைப் பொழுது போதும். ஆனால் வருகிறவர்களில் பலர் பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

காலை ஆறு மணி. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வாகனங்கள் கிடையாது. மாலையில் அடைக்கப்படும் சாலை மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகுதான் திறக்கப்படும். அதுவரை அது நடப்பவர்களின் ராஜ்யம். சர்க்கரை நோயாளிகள், ஆசிரமத்துப் பெரியவர்கள், முதல் நாள் இரவு பஸ் பிடித்து வந்த கல்லூரி மாணவர்கள் என்று எல்லோரும் நடக்கிறார்கள். அவர்களோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பெரியப்பாவும் நடக்கிறார்.

அவர் சித்தூர் மாவட்டம் பாலசமுத்திரத்துக்காரர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. 1960 ஏப்ரலில் சென்னை மாநிலமும் ஆந்திரமும் எல்லையை மாற்றிக்கொண்டபோது, பக்கத்துப் பள்ளிப்பட்டு இந்தப் பக்கம் வந்தது, பாலசமுத்திரம் அந்தப் பக்கமே நின்றது. அப்போது அவருக்குப் பத்து வயது. அதனாலோ என்னவோ, எந்த ஊருக்குப் போனாலும் கோடு எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார். புதுச்சேரியிலும் அதையே கேட்டார். “கொஞ்சம் பொறுங்க பெரியப்பா, நடந்தே காட்டறேன்” என்றேன்.

நடையைத் தெற்கு முனையில் தொடங்குவது நல்லது. அங்கே டூப்ளே நிற்கிறார். 1742 முதல் 1754 வரை கவர்னராக இருந்தவர். தென்னிந்திய அரசர்களின் வாரிசுச் சண்டைகளில் புகுந்து ஒரு சாம்ராஜ்யத்தையே பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர் அவர். அந்தக் கணக்கை ஆங்கிலேயர்கள் பிறகு போட்டுப் பலன் கண்டார்கள். டூப்ளேயைப் பாரிஸ் திருப்பி அழைத்துக்கொண்டது. 1763-ல் கடனாளியாகச் செத்தார். அவருக்கு 1870-ல் எழுப்பிய இந்தச் சிலை முதலில் இந்த மூலையில் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு இங்கே ஒதுங்கியது.

வடக்கே நடந்தால் இடது கையில் வெள்ளை வெளேரென்று மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர்களின் நகர மன்றம். பார்த்தால் நூற்றைம்பது வயது சொல்லலாம். உண்மையில் அது 2021-ல் திறக்கப்பட்ட கட்டடம். 1870-களின் தொடக்கத்தில் கட்டிய அசல் கட்டடம், பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கிப் பணத்தில் அதே அச்சில் மீண்டும் எழுப்பினார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பழையதை ஒழுங்காகப் பராமரித்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்ற கேள்வியை அந்தத் தூண்களுக்கு முன்னால் தவிர்க்க முடியவில்லை.

பின்னால் துய்மா வீதியில் கடலைப் பார்த்தபடி நிற்கிறது சம்மனசுகளின் மாதா கோயில். 1855-ல் கட்டியது. உள்ளூரில் ‘கப்ஸ் கோயில்’ என்று சொன்னால்தான் தெரியும். கப்பூச்சின் துறவிகளின் பெயர் தமிழ் நாக்கில் தேய்ந்து ‘கப்ஸ்’ ஆகிவிட்டது. எதிரே பூங்காவில் ஜோன் ஆஃப் ஆர்க் கொடியோடு நிற்கிறாள். ஆங்கிலேயர்களை எதிர்த்த பெண்ணுக்குப் புதுச்சேரிக்காரர்கள் சிலை வைத்ததில் ஆச்சரியம் இல்லை. 1761 ஜனவரியில் இந்த நகரை முற்றுகையிட்டுப் பிடித்த ஆங்கிலேயப் படை, கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கியது. இரண்டாண்டுகளுக்குப் பிறகு பாரிஸ் உடன்படிக்கைப்படி பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பக் கிடைத்தது வெறும் கல்மேடுதான். இன்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் மஞ்சள் சுவர்களில் ஏறக்குறைய எல்லாமே அதற்குப் பின்னால் வந்தவை.

மறுபடி கடற்கரைச் சாலை. காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள். அவை செஞ்சியிலிருந்து வந்தவை. 1750-ல் புஸ்ஸி என்ற தளபதி செஞ்சிக் கோட்டையைப் பிடித்ததன் அடையாளம் இது. நாயக்கர் காலத்துச் சிற்ப வேலை, பிரெஞ்சுக்காரனின் வெற்றிப் பொருள், நடுவில் காந்தி. எந்தச் சரித்திர ஆசிரியரும் திட்டமிட்டு இப்படி ஒரு காட்சியை அமைத்திருக்க முடியாது.

சாலைக்கு அந்தப் பக்கம் முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம். பிரெஞ்சு இந்தியாவிலிருந்து போய், ஊர் பேர் தெரியாத குளிர்ப் பிரதேசத்தில் மடிந்தவர்களுக்காக எழுப்பியது. ஜூலை 14 அன்று இங்கே மலர்வளையம் வைப்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற தமிழர்களுக்குப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்று பெயர். பதக்கங்களை மாட்டிக்கொண்டு அவர்கள் அன்று அணிவகுப்பதைப் பார்க்கலாம்.

பக்கத்தில் 1836-ல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கம். 1979-ல் ஓய்வு பெற்றது. அதன் அடியில் நின்று கடலைப் பார்த்தால் கருங்கல் குவியல்தான் முதலில் தெரியும். மணல் இருந்த கரை இது. 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்தது. வடக்கே இருந்த நகரம் மணலை இழந்தது; கடல் சாலையைக் கடிக்க வந்தது; கல்லைக் கொட்டினார்கள். தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் 2018 வாக்கில் கடலுக்கடியில் அமைத்த செயற்கைத் திட்டுக்குப் பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. பிள்ளைகள் அதில் மீண்டும் விளையாடுகிறார்கள்.

கடலுக்கு முதுகைக் காட்டி இரண்டு வீதி தாண்டினால் பாரதி பூங்கா. இடிக்கப்பட்ட கோட்டை நின்ற இடம் இதுதான். நடுவில் வெள்ளையாக ஆயி மண்டபம். ஆயி ஒரு தாசி. அவளுடைய வீட்டின் அலங்காரத்தைப் பார்த்துக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டாராம் விஜயநகர அரசர். உண்மை தெரிந்ததும் வீட்டை இடிக்க ஆணை. அவள் தானே வீட்டை இடித்து, அந்த இடத்தில் ஒரு குளம் வெட்டினாள் என்பது கதை. முத்திரப்பாளையத்து நீரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகருக்குள் கொண்டுவந்தபோது, கதை கேட்ட மூன்றாம் நெப்போலியன் அவள் பெயரில் மண்டபம் கட்டச் சொன்னாராம். இன்று புதுச்சேரி அரசின் முத்திரையில் இருப்பது இந்த மண்டபம்தான். எந்தக் கவர்னருக்கும் கிடைக்காத மரியாதை.

பூங்காவின் ஓரத்தில் கவர்னர்கள் வாழ்ந்த மாளிகை. அதைத் தாண்டினால் பிரெஞ்சுக்காரர்களுக்கு முன்பிருந்தே இருக்கும் மணக்குள விநாயகர். மணலில் இருந்த குளம், மணக்குளம். வாசலில் ஆசி வழங்கிய யானை லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியின்போதே சரிந்து இறந்தது. ஊரே கூடி அழுதது. அருகிலேயே அரவிந்தர் ஆசிரமம். 1910 ஏப்ரலில் ஆங்கிலேயரிடமிருந்து தப்பி வந்த வங்காளிப் புரட்சிக்காரர், அடுத்த நாற்பது வருடம் இந்த ஊரைவிட்டு நகரவில்லை.

பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். காபி குடிக்க மஞ்சள் சுவர் ஓட்டல்கள் காத்திருக்கின்றன. ஆனால் இன்னும் ஐந்து நிமிடம் மேற்கே நடந்தால் பெரிய வாய்க்கால். வடக்கு தெற்காக ஓடும் ஒரு சாதாரண சாக்கடை போலத்தான் இருக்கிறது. “இதுதான் பெரியப்பா நீங்க கேட்ட கோடு” என்றேன். கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே கறுப்பர் நகரம் என்று பிரித்தது இது. பெரியப்பா குனிந்து பார்த்தார். “கோடு போடறவன் எவனும் ரெண்டு பக்கமும் நடந்து பாத்திருக்க மாட்டான்ப்பா” என்றார்.

அந்தப் பக்கத்தில்தான் நகரத்தின் மறுபாதிச் சரித்திரம் இருக்கிறது. மிஷன் வீதியில் 1791-ல் கட்டிய சம்பா கோயில். இந்தப் பகுதியில் இருந்த வேதபுரீஸ்வரர் கோயில் 1748-ல் இடிக்கப்பட்டது. பிறகு ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் மீண்டும் எழுந்தது. இடித்த கதையை அன்றன்றைக்கு எழுதி வைத்தவர் ஆனந்த ரங்கப் பிள்ளை. டூப்ளேயின் துபாஷி. 1736-லிருந்து 1761 வரை, விலைவாசி முதல் அரண்மனை வம்பு வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு இல்லாவிட்டால் அந்தக் காலம் நமக்கு முக்கால்வாசி இருட்டுதான். நகரம் விழுந்த அதே ஜனவரியில் அவரும் கண்ணை மூடினார். அவர் பெயரில் உள்ள வீதியில் அவர் மாளிகை இன்னும் நிற்கிறது. கீழே மரத்தூண்களோடு தமிழ் முற்றம். மேலே பிரெஞ்சு பாணி வெள்ளைத் தூண்கள்.

அதே ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி வாழ்ந்த வீடு. 1908 முதல் 1918 வரை பத்து வருடம் அவருக்கு இந்த ஊர் அடைக்கலம் தந்தது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், மாட்டு வண்டிச் சத்தத்துக்கு நடுவில்தான் பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் பிறந்தன.

இப்பக்கத்து வீடுகளுக்குத் தெருவோரம் மரத்தூண் தாழ்வாரம், உள்ளே திண்ணை. வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்கவும் இரவு படுக்கவும் சொந்தக்காரன் விட்டுக்கொடுத்த இடம். வைசியாள் வீதியில் இப்படிப்பட்ட வீட்டு முகப்புகளை வரிசையாகச் சீர்செய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது அதற்குக் கிடைத்தது. ஆனால் அடுத்த தெருக்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வாரிசுகள் பலர், பங்கு சிறிது, தேக்கு விலை பெரிது. சுண்ணாம்புச் சாந்து பூசத் தெரிந்த கொத்தனார்கள் குறைவு. சிமென்ட் பூசினால் பழைய செங்கல் சுவர் உள்ளுக்குள் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உதிர்கிறது. கிழக்கே ஒரு பழைய வீட்டைச் சீரமைத்தால் ஓட்டலாக்கிப் பணம் பார்க்கலாம். மேற்கே இடித்து நாலு மாடி கட்டினால்தான் கட்டுபடியாகும் என்று நினைக்கிறார்கள். கோடு போட்டவர்கள் போய்விட்டார்கள், ஆனால் பணம் இன்னும் அந்தக் கோட்டை மதிக்கிறது.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி 1962 ஆகஸ்டில் முடிந்தது. காக்கிநாடாவுக்கு அருகே தெலுங்கு பேசும் ஏனாமும் இந்த ஆட்சிப்பகுதியைச் சேர்ந்ததுதான் என்றபோது பெரியப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

கடைசியாக ஒரு பூட்டிய வீட்டின் திண்ணையில் உட்கார்ந்தோம். மொத்த நடை மூன்று கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். தாழ்வாரத்துத் தூண் ஒன்றின் அடி கரையான் அரித்து, செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. பெரியப்பா தூணை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். “மேல இன்னும் கெட்டியாத்தான் இருக்கு. இந்த ஐப்பசிக்குள்ள அடிய மாத்திட்டா நிக்கும்” என்றார். யாரிடம் சொல்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.