மூன்றாம் வகுப்பு டிக்கட்டில் காலிக்கு

சென்ற வருடம் எங்கள் வகுப்பு நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனது. நான் போகவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்ட தோழிகளிடம், "உம்மா விடமாட்டாங்க. தூரப் பயணம் என்றால் அவங்களுக்குப் பயம்" என்று சொன்னேன். அது பொய். வீட்டில் காசு இல்லை என்பதுதான் உண்மை. சுற்றுலாவுக்கான படிவத்தை நான் உம்மாவிடம் காட்டவே இல்லை. வாப்பா த்ரீவீல் ஓட்டுகிறவர். அந்த மாதம் வண்டியின் என்ஜின் வேலைக்கே அவர் இரண்டு இடத்தில் கடன் வாங்கியிருந்தார். படிவத்தை மடித்து அகராதிக்குள் வைத்தேன். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம். எங்கள் டீச்சர் உம்மாவிடம், "பிள்ளையை ஒரு நாள் அனுப்பியிருக்கலாமே, நாங்க கவனமாகத்தானே கூட்டிப் போறம்" என்று அன்பாகத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது. உம்மா என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு டீச்சரிடம், "ஓம் டீச்சர், எனக்குக் கொஞ்சம் பயம்தான்" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் உம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஏசியிருந்தால் அழுது முடித்திருப்பேன். மூன்றாம் நாள் இரவு, தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "மகள், பாவிச்ச கொப்பி ஒண்டு ஈக்கா? காலிக்குப் போற செலவு எழுதிப் பார்ப்போம்" என்றார்.

அந்தக் கொப்பியிலிருந்துதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதல் பக்கத்தில் உம்மாவின் கையெழுத்தில் இருப்பது செலவுக் கணக்கு அல்ல, கேள்விகள். எங்கே தொழுவது? பிள்ளைகளுக்கு மூத்திரம் வந்தால் எங்கே போவது? மழை வந்தால்? தம்பி நடக்க மாட்டேன் என்றால்? பயண ஆலோசனை சொல்கிறவர்கள் அழகான இடங்களின் பெயர்களைச் சொல்வார்கள். ஒரு தாய் கேட்கும் இந்தக் கேள்விகளுக்கு மறுமொழி சொல்வதில்லை. எங்களைப் போன்ற குடும்பங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவதற்குக் காசுக்கு அடுத்த காரணம் இந்தக் கேள்விகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏன் காலி? ஒரே நாளில் போய் வரலாம், அறை எடுக்கத் தேவையில்லை. கோட்டைக்குள் நடப்பதற்கும் மதிலில் ஏறுவதற்கும் காசு இல்லை. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். உம்மாவின் காரணம் வேறு. அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது, வாப்பாவோடு காலியில் ஒரு கல்யாணத்துக்குப் போய், இரவில் போய் இரவிலேயே திரும்பியிருக்கிறார். கடல் சத்தம் கேட்டதாம். கடலைக் காணவில்லையாம்.

தையல் காசில் மிஞ்சியதை உம்மா மைலோ டின்னில் போட்டு வந்தார். மூன்று மாதம் ஆனது. ஐந்து பேருக்கும் போக வர மூன்றாம் வகுப்பு டிக்கட் எடுத்தும், மொத்தச் செலவு ஒரு பிள்ளையின் சுற்றுலாக் கட்டணத்துக்கு வரவில்லை. தம்பிக்கு அரை டிக்கட். உண்மையில் பெரிய செலவு டிக்கட் அல்ல, வாப்பாவின் அன்றைய உழைப்பு. உம்மா அதையும் செலவுப் பக்கத்தில் எழுதினார். "இதெல்லாம் எழுதுறதா?" என்று வாப்பா சிரித்தார். "இது எழுதாட்டிக் கணக்குப் பொய்" என்றார் உம்மா. பொய் என்ற சொல்லைக் கேட்டு நான் தலை குனிந்தேன். அவர் அதை எனக்காகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது.

விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமையைத் தெரிந்தோம். போயா தினமும் நீண்ட விடுமுறையும் வேண்டாம், ஊரே கோச்சியில் இருக்கும். சாதாரண வேலை நாளில் காலையில் எல்லோரும் கொழும்புக்குள் வருவார்கள். நாங்கள் வெளியே போகிறவர்கள், எனவே இடம் கிடைக்கும். இது வாப்பா சொன்ன யோசனை. வருடக்கணக்காக வீதி நெரிசலில் நின்றவருக்குத் தெரியாதா? இன்னொரு யோசனையும் அவருடையதுதான். கரையோரப் பாதைக் கோச்சிகள் பல மருதானையிலிருந்துதான் புறப்படுகின்றன. கோட்டை நிலையத்தில் ஏறினால் நின்றுகொண்டு போக நேரலாம். ஒரு தரிப்பு முன்னால் போய் மருதானையில் ஏறினால் ஜன்னலோரம் பிடிக்கலாம். கோச்சி போகும் திசைக்கு வலது பக்கம் உட்கார வேண்டும். கடல் அந்தப் பக்கம்தான்.

ஸுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். கொள்ளுப்பிட்டியைத் தாண்டியதும் கடல் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. தம்பி கத்தினான். உம்மா ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, முகத்தில் காற்றுப் பட இருந்தார். பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை எல்லாம் நாங்கள் பஸ்ஸில் ஆயிரம் முறை போன ஊர்கள். காலி வீதியிலிருந்து பார்த்தால் கடைகள்தான் தெரியும். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த ஊர்களுக்கு வேறு முகம். வாப்பா பாணந்துறை வருமுன்னே தூங்கிவிட்டார். தான் ஓட்டாத வண்டியில் அவர் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

களுத்துறைப் பாலத்தில் கீழே களு கங்கை மண்ணிறமாக ஓடியது. பேருவளை, அளுத்கம, அதன்பின் பெந்தோட்டை. ஒருவர் கூடையோடு வந்து இறால் வடை விற்றார். உம்மா கொப்பியைப் பார்த்தார், எங்கள் முகங்களைப் பார்த்தார், ஐந்து வடை வாங்கினார். கணக்கில் அது "எதிர்பாராத செலவு" என்று இருக்கிறது.

ஹிக்கடுவைக்கு முன்னால் பெரலிய என்ற இடம் வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அலை, மாத்தறைக்குப் போய்க்கொண்டிருந்த கோச்சியை அங்கேதான் அடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஓர் இடத்தில் இறந்தார்கள். அன்று போயா தினம். எங்களைப் போல பிள்ளைகளோடு பயணம் புறப்பட்டவர்கள் அதில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! உம்மா மெதுவாக ஏதோ ஓதினார். அதுவரை அழகாக இருந்த கடலைக் கொஞ்ச நேரம் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

போவதற்கு முன்பு உம்மா எனக்கு ஒரு வேலை தந்திருந்தார். "நீங்க படிச்ச பிள்ளை. காலியப் பத்தித் தேடி எழுதுங்க, அங்க போய் எங்களுக்குச் சொல்லுங்க." வாசிகசாலையில் தேடியபோது, பெரும் பயணி இப்னு பதூதா 1344ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்து, பாவா ஆதம் மலை ஏறி, தெவிநுவரைக்குப் போய், அங்கிருந்து காலி வழியாகக் கொழும்புக்குப் போனதாகப் படித்தேன். காலி அப்போது ஒரு சிற்றூர். இப்ராஹீம் என்ற ஒரு முஸ்லிம் கப்பல் தலைவர் அவருக்கு அங்கே விருந்து கொடுத்திருக்கிறார். அவர் பயணம் செய்த காலத்தில் போர்த்துக்கீசரும் இல்லை, கோட்டையும் இல்லை. போர்த்துக்கீசர் 1588இல் கட்டியதை 1640இல் ஒல்லாந்தர் பிடித்துப் பெரிதாக்கினார்கள். 1988இல் அது உலக மரபுரிமைத் தலமானது. இதையெல்லாம் மதிலில் நின்று சொன்னபோது வாப்பா வாத்தியாரிடம் கேட்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது.

பழைய வாசலைக் கட்டாயம் பாருங்கள். வெளியே ஆங்கிலேயரின் அரச சின்னம், உள்ளே ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம். அதில் இரண்டு சிங்கங்கள், மேலே ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. சேவலை முதலில் கண்டவன் தம்பி. மணிக்கூட்டுக் கோபுரப் பக்கத்து மதிலிலிருந்து கிரிக்கெட் மைதானம் முழுவதும் தெரியும். டெஸ்ட் போட்டி நாட்களில் சனங்கள் அங்கே நின்று சும்மா பார்ப்பார்கள். அன்று உருளை இழுக்கும் இரண்டு பேர்தான் மைதானத்தில். தம்பி அவர்களையும் கால் மணி நேரம் பார்த்தான்.

வெயிலைப் பற்றி நான் யோசிக்கவில்லை. பதினொரு மணிக்குப் பிறகு மதிலில் நிழலே இல்லை. தங்கச்சிக்குத் தலை சுற்றியது. குடை கொண்டு போங்கள், மதிலைக் காலையிலோ பின்னேரத்திலோ நடந்து, நடுப்பகலைத் தெருக்களுக்கு வையுங்கள். ஓர் உணவகத்தின் வெளியே வைத்திருந்த விலைப் பட்டியலை வாசித்த வாப்பா, "ஒரு தோடம்பழச் சாறு நம்ம அஞ்சு பேர்ர சோத்துக் காசு" என்று மெதுவாகச் சொன்னார். மர நிழலில் அமர்ந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம். வாட்டிய வாழையிலையில் கட்டிய சோறு, பருப்பு, முட்டை, கத்தரிக்காய் மோஜு, பொரித்த கருவாடு. உணவகத்தில் இருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்கள் பார்சலை எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்.

அடுத்தது தொழுகை. வெளிச்ச வீட்டுக்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளி இருக்கிறது. 1904இல் கட்டப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் தேவாலயம் போலத் தோன்றும் வெள்ளைக் கட்டடம். வாப்பாவும் தம்பியும் உள்ளே போனார்கள். எங்களைப் போன்றவர்கள் எங்கே தொழுவது என்ற கேள்வியோடு நாங்கள் மூவரும் தெருவில் நின்றோம். நாட்டில் எல்லாப் பள்ளிகளிலும் பெண்களுக்கு இடம் இருப்பதில்லை. முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும். கொப்பியின் முதல் கேள்விக்கு நாங்கள் விடை எழுதாமலே வந்திருந்தோம்.

உம்மா ஒரு சிறு தெருவுக்குள் நடந்தார். ஒரு வீட்டு வாசலில் அரபு எழுத்தில் பிஸ்மி இருந்தது. உம்மா தட்டினார். எனக்கு வெட்கம் பொறுக்கவில்லை. வயதான ஒரு பெண் கதவைத் திறந்தார்.

"ராத்தா, கொழும்பால வந்த நாங்க. ஒழு எடுக்கத் தண்ணி கொஞ்சமும், தொழ ஒரு எடமும் கெடைக்குமா?"

அவர் எங்களைப் பார்த்துவிட்டு, கதவை அகலத் திறந்தார். "உள்ளுக்கு வாங்கம்மா. வாற போற எல்லாரும் இந்தக் கதவப் போட்டோ எடுப்பாங்க. தட்டின ஆளு நீங்கதான்."

பெரிய முற்றம் கொண்ட பழைய வீடு. ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். பிரயாணிக்கு அல்லாஹ் தந்த சலுகை அது. பிறகு இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது. சுனாமி அன்று வெளியே பஸ் நிலையமும் மைதானமும் அழிந்தபோது, இந்த மதில்தான் தங்களைக் காத்ததாக அவர் சொன்னார். பீரங்கிக்காகக் கட்டிய மதில். உம்மாவும் அவரும் ஒரே ஊர்க்காரர்கள் போலக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். "வீட்ட வந்தவங்களுக்குச் சாப்பாடு குடுக்கல்லியே" என்று அவர் குறைப்பட்டார். அவருடைய பெயரை நாங்கள் கேட்கவில்லை.

பின்னேரம் வெளிச்ச வீட்டருகே, மதிலின் ஓரத்தில் உம்மாவும் நானும் இருந்தோம். 1939இல் கட்டிய வெளிச்ச வீடு அது. கீழே தம்பியும் தங்கச்சியும் வாப்பாவோடு அலையில் கால் நனைத்தார்கள்.

"உம்மா, நான் அன்டைக்கி..." என்றேன்.

"தெரியும்" என்றார். கடலைப் பார்த்துக்கொண்டே, "காசு இல்லண்டு சொல்ல வெக்கமா இருந்திச்சா?" என்று கேட்டார்.

"ஓம்."

"எனக்கும்தான். டீச்சர்கிட்ட நானும் சொல்லல்லியே."

அதற்குமேல் அவர் ஒன்றும் பேசவில்லை. காலைச் செருப்பிலிருந்து எடுத்து, புல்லில் வைத்துக்கொண்டார். என் வகுப்புத் தோழிகள் இதை வாசிப்பார்கள். என் உம்மா பயந்தவர் அல்ல. தெரியாத ஊரில் தெரியாத கதவைத் தட்டியவர் அவர்.

திரும்பும்போது கடைசிக் கோச்சிக்கு முந்திய கோச்சியைப் பிடித்தோம். தவறினால் இன்னொன்று இருக்கும் என்ற நிம்மதிக்காக. நிலையத்திலேயே கழிவறைக்குப் போய்விட்டு ஏறினோம். சூரியன் கடலில் இறங்கியதை இந்த முறை இடது பக்கத்திலிருந்து பார்த்தோம்.

காலியைப் பற்றித் தேடியபோது கிடைத்த இன்னொரு விடயத்தைக் கோச்சியில்தான் உம்மாவிடம் சொன்னேன். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த ஒரு கல்வெட்டு, 1409ஆம் ஆண்டுக்குரியது, 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. ஒரு மதகின் மூடியாகக் கிடந்ததாம். அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாத்தின் பேரிலும் காணிக்கைகள். செங் ஹ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் கல் இப்போது காலியில் இல்லை. கொழும்பு தேசிய நூதனசாலையில், எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. 1877இல் திறந்த அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் வாப்புச்சி மரிக்கார். அதற்குக் கைம்மாறாக, வெள்ளிக்கிழமைகளில் அதை மூட வேண்டும் என்று மட்டும் அவர் கேட்டதாகச் சொல்வார்கள்.

"இவ்வளவு கிட்ட ஈக்கிறதையா நாம பார்க்கல்ல?" என்றார் உம்மா. அளுத்கம நிலையத்தில் கோச்சி நின்றபோது கொப்பியை எடுத்துப் புதிய பக்கத்தில் 'நூதனசாலை' என்று எழுதினார். கீழே 'பஸ், ஐந்து பேர்' என்று எழுதப் போனவரை வாப்பா தடுத்தார்.

"பஸ் என்னத்துக்கு? நான் கூட்டிப் போறேன். சும்மா."

"பெட்ரோல் காசு எழுதுறேன்" என்றார் உம்மா.