அறுபதில் நின்ற எண்

"காலையில நல்லாத்தான் போகுது மச்சான். வெயில் ஏற ஏற இழுவை செத்துருது. பின்னால கரும்புகை" என்றார் தங்கை மாப்பிள்ளை. தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி மதுரைக்கும் சிவகாசிக்கும் ஓட்டுகிற டிரெய்லர் அவருடையது. 2018-இல் வாங்கிய பிஎஸ்-4 வண்டி. கடன் இன்னும் முடியவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் செக் லைட் எரிந்திருக்கிறது. ஒரு பட்டறையில் லேப்டாப்பைப் போட்டுப் பார்த்து, காற்றின் சூட்டை அளக்கிற சென்சார் போய்விட்டது என்று புதிதாக மாற்றினார்கள். லைட் அணைந்தது. ஒரு மாதம் கழித்துப் புகை ஆரம்பித்தது. மறுபடி போனார். மறுபடி அதே சென்சாரை மாற்றினார்கள். புகை நிற்கவில்லை. இந்த முறை லைட்டும் எரியவில்லை. "ஃபால்ட் கோடு எதுவும் இல்ல, வண்டி நல்லாருக்கு" என்று அனுப்பிவிட்டார்கள். டீசல் கணக்கு மட்டும் வாராவாரம் ஏறிக்கொண்டே போனது.

யாரோ சொல்லி, முத்தையாபுரம் பக்கம் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீசியனிடம் போனோம். நானும் தொற்றிக்கொண்டேன்.

சாலைக்கு இரண்டு பக்கமும் உப்பளம். பாத்திகளில் நீர் வற்றி வெள்ளை பூத்துக்கொண்டிருந்தது. ஆனி மாதக் கச்சான் அடித்தது. அந்தக் காற்றில் பத்து நிமிடம் நின்றால் உதட்டை நக்கும்போது கரிக்கும். பட்டறை என்பது நான்கு கம்பத்தின் மேல் தகரக் கூரை. கம்பங்கள் அடியில் செதில் செதிலாக உரிந்திருந்தன. ஆனால் ஸ்பேனர்கள் எல்லாம் எண்ணெய் பூசி, துணியில் சுற்றி, மரப்பெட்டிக்குள் இருந்தன. அதைப் பார்த்ததுமே எனக்கு அந்த மனிதர் மேல் மதிப்பு வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. கூட, ஐடிஐ முடித்த ஒரு தம்பி.

"இப்ப வண்டியத் தொட மாட்டேன் அண்ணாச்சி. இங்கேயே விட்டுட்டுப் போங்க. நாளைக்கு விடிய வாங்க" என்றார். மாப்பிள்ளைக்கு ஒரு நாள் வாடகை போகும். முகம் சுருங்கியது. "இப்பப் பாத்தாத் தெரியாதா?" என்று கேட்டதற்கு, "சூட்டு வண்டி நெசம் சொல்லாது" என்றார்.

மறுநாள் ஆறு மணிக்கு ஏன் என்று புரிந்தது. இரவு முழுக்க நின்ற வண்டியில் எல்லாமே ஒரே சூட்டில் இருக்கும். வெளிக் காற்று, எஞ்சினுக்குள் போகும் காற்றுக் குழாய், எஞ்சினைச் சுற்றி ஓடுகிற கூலன்ட், மூன்றும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். சாவியைத் திருப்பினார், ஸ்டார்ட் செய்யவில்லை. ஸ்கேனரில் கூலன்ட் 26 டிகிரி. உள்ளே போகும் காற்று 20 டிகிரி.

"தூத்துக்குடியில ஆனி மாசம் இருவது டிகிரி எங்கயாவது கேட்டிருக்கியளா?" என்றார் தம்பியைப் பார்த்து. தம்பி நோட்டில் எழுதிக்கொண்டான்.

இந்த சென்சார் ஒன்றும் பெரிய சூட்சுமம் இல்லை. உள்ளே மிளகை விடச் சிறிய ஒரு மணி இருக்கிறது. சூடு ஏறினால் அதன் மின்தடை குறையும், குளிர்ந்தால் கூடும். பல வண்டிகளில் வருகிற வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 60 டிகிரியில் சுமார் 600, 100 டிகிரியில் 200-க்கும் கீழே. எஞ்சினின் மூளையான இசியூ ஐந்து வோல்ட்டைக் கொடுத்து, எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துச் சூட்டைக் கணக்கிடுகிறது. சூடான காற்று இளகி இருக்கும், குளிர்ந்த காற்று செறிவாக இருக்கும். உள்ளே வந்த காற்று எத்தனை கிராம் என்பது அந்தச் சூட்டை வைத்துத்தான் தெரியும். அதற்கேற்ப டீசல் தெளிக்கப்படுகிறது. அறுபது டிகிரிக் காற்றை நாற்பது என்று நம்பினால், இல்லாத ஆறு சதவீதக் காற்றை இருப்பதாக நினைத்து டீசலைக் கொட்டும். எரியாமல் போனது கரும்புகையாக வெளியே வரும்.

இசியூவுக்கு இது பொய் என்று தெரியாதா? தெரியாது. வயர் அறுந்தால் மின்தடை எல்லை கடந்து போகும். ஸ்கேனர் மைனஸ் நாற்பது காட்டும், பி-0113 என்று கோடு விழும். வயர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் எண் உச்சிக்கு ஓடும், பி-0112 விழும். இந்த இரண்டு கோடிக்கும் நடுவில் எந்தத் தவறான எண் வந்தாலும் அது சாதாரண எண்ணைப் போலத்தான் தெரியும். லைட் எரியவில்லை என்பதால் வண்டி நன்றாக இருக்கிறது என்று சொல்வது, காய்ச்சல் இல்லை என்பதால் நோயே இல்லை என்பது போல.

அடுத்து அவர் செய்ததுதான் நான் மறக்க முடியாத காட்சி. சென்சாரிலிருந்து கப்ளரைக் கழற்றினார். ஸ்கேனர் மைனஸ் நாற்பதுக்கு இறங்கியது. "இது சரி" என்றார். பிறகு கால் சாண் வயர் ஒன்றை எடுத்து, கப்ளருக்குள் இருக்கும் சூட்டு வயரையும் எர்த் வயரையும் சேர்த்தார். மின்தடையே இல்லாத நிலை. எண் 130-ஐத் தாண்டி எகிறியிருக்க வேண்டும். 60-இல் நின்றது. வயரை அழுத்திப் பிடித்தார். 60. எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தார். 60.

தம்பி சட்டென்று, "அறுபதுன்னா அறுநூறு ஓம் அண்ணாச்சி" என்றான். அவர் தலையாட்டினார்.

சென்சாரோடு இணைப்பே இல்லை. ஆனாலும் எங்கோ அறுநூறு ஓம் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் அது வயருக்குள்தான் இருக்க வேண்டும். காலையின் 26 டிகிரியில் சென்சார் காட்டும் சுமார் 2,000 ஓமோடு இந்த 600 சேரும்போது ஆறு டிகிரிதான் பிசகுகிறது. மத்தியானம், சுமையோடு ஓடும்போது, குழாய்க்குள் காற்று அறுபது டிகிரி. அங்கே உண்மையான தடையே 600 தான். அதோடு இன்னொரு 600 சேர்ந்தால் இரண்டு மடங்கு, இருபது டிகிரி பொய். வெயில் ஏற ஏற இழுவை செத்துருது என்று மாப்பிள்ளை சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி. வண்டியோட்டி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தால் இரண்டாவது சென்சாருக்குப் பணமே போயிருக்காது.

சூட்டு வயரைச் சுற்றியிருந்த டேப்பை விரல் விரலாகப் பிரித்தார். ஒரு முழம் தள்ளி நிறுத்தினார். வயரின் மேல்தோலில் ஊசி குத்திய ஓட்டை, கடுகளவு. அந்த இடத்தில் தோல் லேசாக உப்பியிருந்தது. கத்தியால் கீறினார். செம்பு இல்லை. பச்சையும் கறுப்புமாகப் பொடி. நகத்தால் தட்டியதும் உதிர்ந்தது. நடுவே இரண்டு மூன்று இழைதான் மிச்சம்.

"களிம்பு" என்றார். அந்தச் சொல்லைச் சிறு வயதில் கோயில் பாத்திரம் தேய்க்கும் பாட்டி வாயில் கேட்டது.

முதல் முறை செக் லைட் எரிந்தபோது யாரோ வயருக்குள் டெஸ்ட் லைட் ஊசியைக் குத்தி மின்சாரம் வருகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். வேறு ஊரில் அந்த ஓட்டை வருடக்கணக்கில் சும்மா கிடந்திருக்கலாம். இங்கே கிடக்காது. காற்றில் பறக்கிற உப்புத் தூசி எங்கும் படிகிறது. ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டினால் உப்பு தானாகக் காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். இரவில் அந்தக் கரைசல் ஓட்டைக்குள் இறங்கும், இழைக்கு இழை தாவி ஊறும். பகலில் காயும். செம்பைத் தின்ன அது போதும்.

இதே உப்பு எதிர்ப்பக்கமாகவும் ஏமாற்றும் என்றார். பனிக்காலத்தில் கப்ளருக்குள் இரண்டு பின்னுக்கும் நடுவே ஈர உப்பு படிந்தால் அது மின்சாரத்துக்குக் குறுக்கு வழியாகிவிடும். அப்போது தடை குறைந்து, விடிகாலையில் காற்று நாற்பத்தைந்து டிகிரி என்று காட்டும். பத்து மணி வெயிலில் காய்ந்ததும் சரியாகிவிடும். பட்டறைக்கு வரும்போது நோய் இருக்காது. "அதுக்குத்தான் ராத்திரி இங்க நிக்கணும்ங்கேன். ஒரு தடவை பாத்து முடிவு சொல்லுத வேலை இல்ல இது."

அவர் திரேஸ்புரத்துக்காரர். அப்பா சங்கு குளித்தவர். 1961-இல் நடந்த கடைசி முத்துச் சலாபத்திலும், அதாவது முத்துக் குளிப்பிலும், கடலில் இறங்கியவர். சலாபம் கூட்டுவதற்கு முன்னால் அரசாங்க ஆட்கள் கடலடிப் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, திறந்து, ஆயிரம் சிப்பிக்கு எவ்வளவு மதிப்புக்கு முத்து தேறுகிறது என்று பார்ப்பார்கள். தேறினால்தான் சலாபம். இல்லாவிட்டால் அந்த வருடம் கடலை விட்டுவிட வேண்டியதுதான். இதை அவர் அப்பா அடிக்கடி சொல்வாராம். மூடியிருக்கிற ஒன்றுக்குள் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே கை வைக்கிற பழக்கம் அந்த வீட்டில் இருந்திருக்கிறது.

கெட்ட வயரை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி எறிந்தார். பளபளவென்ற செம்பு தெரிகிற இடம் வரை வெட்ட வேண்டும் என்பதில் பிடிவாதம். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் இன்னும் ஓர் அங்குலம். புது வயரை முறுக்கி, ஈயம் வைத்து, உள்ளே பசை உள்ள சுருங்குகிற ஸ்லீவை மாட்டி லைட்டரால் சூடு காட்டினார். இரண்டு முனையிலும் பசை பிதுங்கி வெளியே வந்து மூடியது. கப்ளரின் பின்களைத் துடைத்து கிரீஸ் தடவினார். மறுபடி அந்தக் கால் சாண் வயரால் சேர்த்தார். ஸ்கேனரில் எண் உச்சிக்குப் போய் நின்றது.

மாப்பிள்ளையின் டேஷ்போர்டு பெட்டிக்குள் கழற்றிப் போட்ட பழைய சென்சார்கள் இரண்டும் கிடந்தன. அவற்றையும் பார்த்துவிடலாம் என்றார். எதிர் டீக்கடையிலிருந்து ஒரு கிளாஸ் சுடுதண்ணீர் வந்தது. சென்சாரை பிளாஸ்டிக் கவரில் போட்டு, வயர் மட்டும் வெளியே வர ரப்பர் பேண்டால் கட்டி, தண்ணீரில் இறக்கினார். "இதுல காத்தழுத்தம் பாக்குத ஓட்டையும் இருக்கு. தண்ணி பட்டா செத்துரும்." மீட்டரில் ஆயிரத்து எழுநூறு. ஆயிரத்து இருநூறு. எண்ணூறு. ஐந்நூறு. எங்கும் துள்ளாமல், நிற்காமல் இறங்கி வந்தது. இரண்டாவதும் அப்படியே. இரண்டுமே உயிரோடுதான் இருந்தன.

எவ்வளவு என்று கேட்டோம். ஸ்லீவ், ஈயம், வயர், கொஞ்சம் கூலி என்று அவர் சொன்ன தொகை ஒரு சென்சார் விலையில் கால்வாசி கூட வராது. ஒரு ராத்திரியும் ஒரு காலையும் யோசித்ததற்கு அதில் எதுவும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன். "மாத்துன சாமானக் காட்டுனாத்தான் தம்பி காசு தருவாங்க. கண்டுபிடிச்சதுக்கு எதைக் காட்ட?" என்றார். புகாராகச் சொல்லவில்லை. இந்தச் சாலையில் நூறு பட்டறை இருக்கலாம். தேவையில்லாத சாமானை மாற்றுகிறவனுக்குப் பில் பெரிது, தேவையானதை மட்டும் செய்கிறவனுக்குச் சிறிது என்றிருந்தால், அந்த ஐடிஐ தம்பி நாளைக்கு எதைக் கற்றுக்கொள்வான்? அறுபது என்றதும் அறுநூறு ஓம் என்று சொன்ன பையன் அவன். மாப்பிள்ளை எதுவும் பேசாமல் சொன்னதைப் போல இரண்டு மடங்கு எடுத்து அவன் கையில் வைத்தார். அவன் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தான். அவர் தலையசைத்த பிறகுதான் வாங்கினான்.

அன்று மத்தியானமே சுமை ஏற்றிக் கிளம்பினார். இரண்டரை மணிக்கு அருப்புக்கோட்டையிலிருந்து போன் வந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாராம், புகை இல்லை.

"மச்சான், ஊர்ல இருக்கும்போதே அந்தப் பட்டறைக்கு ஒரு எட்டு போயிட்டு வாங்க" என்றார். "அந்தப் பழைய சென்சார் ரெண்டையும் அவரையே வச்சிக்கிடச் சொல்லுங்க. யாரு வண்டிக்காவது நெசமாவே வேண்டி வரும்."