147 கோடியில் ஒன்று



ஒரு நீர்த்தேக்கம். அதிலிருந்து ஆறு இடங்களுக்குத் தண்ணீர் போக வேண்டும். மொத்தம் எட்டுக் குழாய்கள், ஒவ்வொன்றும் 1000 மீட்டர். 1 அங்குலம் முதல் 24 அங்குலம் வரை 14 அளவுகளில் பைப் கிடைக்கிறது. எங்கே எந்த அளவைப் போட்டால் செலவு குறையும்?

‘இதென்ன பிரமாதம், ஒரு பீரியடில் போட்டுவிடலாம்’ என்கிறீர்களா? 14-ஐ எட்டுத் தடவை போட்டுப் பெருக்கிப் பாருங்கள். 147,57,89,056 வகைகள்! வினாடிக்கு ஆயிரம் வகை பார்த்தாலும் கம்ப்யூட்டர் 17 நாள் இரவு பகலாக ஓட வேண்டும். அல்பெரோவிட்ஸ், ஷமீர் இருவரும் 1977-இல் வெளியிட்ட இந்தக் கணக்கு ரொம்பச் சின்னது. நியூயார்க் நகரக் குடிநீர்ச் சுரங்கங்களின் கணக்கில் 21 சுரங்கங்கள். ஒவ்வொன்றுக்கும் 16 வாய்ப்பு என்று வைத்தால் வரும் எண்ணுக்கு 26 இலக்கம்!

இங்கேதான் ஜெனடிக் அல்காரிதம் கை கொடுக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹாலண்ட் 1975-இல் இதைப் புத்தகமாக எழுதினார். அதே இடத்தில் 1983-இல் எரிவாயுக் குழாய்களுக்கு இதைப் பயன்படுத்தி டாக்டர் பட்டம் வாங்கிய டேவிட் கோல்ட்பர்க், நம்ம சிவில்காரர்தான்!

வேலை இப்படி நடக்கிறது. எட்டுக் குழாயின் அளவுகளையும் வரிசையாக எழுதினால் அது ஒரு ‘ஜாதகம்’. குருட்டாம்போக்கில் நூறு ஜாதகம் எழுது. ஒவ்வொன்றுக்கும் செலவைப் போடு. ஏதாவது ஒரு முனையில் நீரழுத்தம் 30 மீட்டருக்குக் கீழே போனால் செலவோடு அபராதம் சேர். குறைந்த செலவுக்காரர்களை ஜோடி சேர்த்து, இதில் பாதி அதில் பாதி வெட்டி ஒட்டு. எப்போதாவது ஓர் எண்ணைச் சும்மா மாற்று. தலைமுறை தலைமுறையாக இதையே செய். அவ்வளவுதான்!

எங்கள் லேப்பில் நானும் கம்ப்யூட்டர் பிரிவு நண்பன் ஒருவனும் இதை எழுதினோம். அழுத்தம் பார்க்க ஈபாநெட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. வேண்டுமென்றே அபராதத்தை எடுத்துவிட்டு ஓட்டினோம். வந்த விடை, எட்டும் ஒரு அங்குலக் குழாய், செலவு வெறும் 16,000! சொட்டுத் தண்ணீர் போகாது. அபராதத்தோடு ஓட்டினால், குழாய்க்கு ஒரே அளவு என்ற நிபந்தனையில், இதுவரை தெரிந்த நல்ல விடை 4,19,000. இங்கிலாந்தின் எக்ஸிடரில் சாவிச், வால்டர்ஸ் இருவரும் 1997-இல் கண்டதும் அதுவே.

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஆகவே படிப்பதையெல்லாம் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும்! எங்கள் வீடோ பைப் லைனின் கடைசி. முதல் தெருவில் குடம் நிரம்பி வழியும்போது எங்கள் குழாயில் காற்றுதான் வரும். அம்மா கேட்டார்: “மொத்தத்துல தண்ணி போகுதான்னு பாக்குமா, கடைசி வீட்டுக்கு வருதான்னு பாக்குமாடா?”

தோழர்களே, முழு விஷயமும் அந்தக் கேள்வியில் இருக்கிறது! அந்த 4,19,000 விடையிலேயே முதல் முனையில் அழுத்தம் 53 மீட்டர். மூன்று முனைகளில் 30-ஐக் கொஞ்சம்தான் தாண்டும். ‘சராசரி 30 இருந்தால் போதும்’ என்று ஒரு வரியை மாற்றினால் இன்னும் மலிவான விடை வரும். ஆனால் அதில் ஏதாவது ஒரு முனை நிச்சயம் 30-க்குக் கீழேதான் கிடக்கும். முதல் தெருவின் தாராளம் கடைசித் தெருவின் வறட்சியைக் கணக்கில் மறைத்துவிடும். கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை. நாம் சொன்னதைத்தான் அது தேடியது.

147 கோடியைத் தேடும் வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அபராதம் எங்கே என்று எழுதும் வேலை நம்முடையது. நாளை நாம் போடும் டிசைனில், ஒவ்வொரு முனைக்கும் தனித்தனியாக அந்த ஒரு வரியை எழுதுவோமா நண்பர்களே?