சம்பந்தி நீட்டிய சிப்பாய்

போன வருடம் ஆவணி மாதம் முழுக்க சம்பந்தி எங்கள் வீட்டில் இருந்தார். அவருடைய மனைவி காலமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. தனியாக இருக்க வேண்டாம் என்று மருமகள் பிடிவாதமாக அழைத்து வந்துவிட்டாள். காபி ஆயிற்றா, தூக்கம் வந்ததா, மழை வருமா, இதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு ஓடவில்லை. இரண்டு சம்பந்திகள் ஒரே கூடத்தில் நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்திருப்பது எத்தனை சிரமம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

நான்காம் நாள் பேரனின் செஸ் பலகையைப் பார்த்துவிட்டு, "ஆடுவீங்களா?" என்றார். தெரியும் என்று தலையாட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்தது சிறுவயதில் திண்ணையில் ஆடிய ஆட்டம். அதில் ராணி கிடையாது, மந்திரிதான். சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் நகரும். புது விதிகளைப் பேரனிடம் அரைகுறையாகக் கற்றிருந்தேன்.

எனக்கு வெள்ளை. ராணிக்கு முன்னால் இருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அவர் தன் ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயைக் கொண்டுவந்து என் சிப்பாயின் வாயிலேயே வைத்தார். பாவம், மனசு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வெட்டினேன். குதிரையை எடுத்தார். நானும் எடுத்தேன். அவர் ராணி ராஜாவுக்கு முன்னால் வந்து நின்று, நான் முன்னேற்றிய சிப்பாயைக் குறிவைத்தது. கையில் வந்ததை விடுவேனா? பிஷப்பைக் கொண்டுவந்து காவல் வைத்தேன்.

அங்கேதான் வினை. ராணி மூலைவாட்டில் பாய்ந்து ராஜாவுக்கு செக் வைத்தது. அதே இடத்திலிருந்து என் பிஷப்பையும் மிரட்டியது. பிஷப்பைப் பின்னுக்கு இழுத்து செக்கை மறைத்தேன். ராணி என் இடப்பக்கச் சிப்பாயைத் தின்றுவிட்டு யானையின் வாசலில் நின்றது. பிஷப்பை ஒரு கட்டம் ஏற்றினால் ராணியைத் துரத்தலாம் என்று ஏற்றினேன். அவருடைய பிஷப் வந்து அதை அப்படியே ராஜாவோடு சேர்த்துக் கட்டிப்போட்டது. எட்டாவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. மருமகள் கொண்டுவந்த காபி ஆறக்கூட இல்லை.

அடுத்த இரண்டு நாளும் அதே கதை. மருமகள் சமையலறையில் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது.

ராத்திரி பேரனைப் பிடித்து விசாரித்தேன். "தாத்தா, இது எங்லண்ட் கேம்பிட்" என்றான். இங்கிலாந்துக்காரர்கள் வேலை என்று நினைத்தேன். இல்லையாம், ஃப்ரிட்ஸ் எங்லண்ட் என்கிற ஸ்வீடன்காரர் பெயர். கேம்பிட் என்ற சொல்லே இத்தாலிய மல்யுத்தத்திலிருந்து வந்தது. காலை நீட்டி எதிராளியை இடறிவிடும் பிடி. 1561-இல் ரூய் லோபஸ் என்ற ஸ்பெயின் பாதிரியார் அதைச் செஸ்ஸுக்குக் கொண்டுவந்தார். காலை வாருவது என்று நாம் சொல்வதும் இதைத்தானே! பெரிய ஆட்டக்காரர்கள் இந்த எங்லண்டை மதிப்பதில்லை. ஒரு சிப்பாய் வீணாகிறது என்பார்கள். கற்றுக்குட்டிகள் மாட்டுவது பிஷப் ஏறும் அந்த ஒரு இடத்தில்தான். அங்கே பிஷப்பைத் தொடாமல், ராணி பக்கத்துக் குதிரையைக் கிளப்ப வேண்டும். அது நகர்ந்ததும் வழி திறந்து நம் ராணியே யானைக்குக் காவலாகிவிடும். பிறகு யானை ஒரு கட்டம் தள்ளி வந்தால் அவர் ராணிதான் ஓட வேண்டும். இல்லை, இவ்வளவு வம்பே வேண்டாம் என்றால் வெட்டிய சிப்பாயைக் காப்பாற்றாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு, காய்களை வெளியே எடுக்கலாம். முப்பத்தைந்து வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவனுக்கு வரவு வைத்ததைத் திருப்பிக் கொடுக்க மனசு வருமா? குதிரை வழியைத்தான் மனப்பாடம் செய்தேன்.

மறுநாள் அந்த இடம் வந்ததும் குதிரையைத் தூக்கி வைத்தேன். கை லேசாக நடுங்கியது என்று சொல்ல வெட்கமில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் ராணி பலகையின் ஓரத்துக்கு ஓடியது, அங்கும் நிற்க முடியாமல் மறுபடி ஓடியது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ராஜாவைச் சாய்த்துவிட்டுப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமோ என்று பயந்துவிட்டேன்.

"இதுல அவ ஒருத்திதான் மாட்டவே மாட்டா, சம்பந்தி" என்றார். "சிப்பாயைத் தொடவே மாட்டா. நான் நீட்டினா, பேசாம பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிட்டு, காபி போடப் போயிடுவா. முப்பது வருஷமா நீட்டினேன். ஒரு தடவைகூட எடுக்கல."

வந்ததிலிருந்து அவர் மனைவியைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் முறை. அன்று இரவு பதினொரு மணி வரை பேசினார். நடுவில் மருமகள் வந்து வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் காலை எனக்குத்தான் வெள்ளை. அவர் வழக்கம்போல் சிப்பாயை நீட்டினார். நான் அதைத் தொடாமல் பக்கத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டு, காபி கொண்டுவர எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டம் மத்தியானம் வரை போனது. நான்தான் தோற்றேன்.