நெடுந்தீவில் ஒரு விடுமுறை நாள்

பாடசாலை விடுமுறை எப்போது தொடங்கும் என்று பிள்ளைகள் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது எப்போது முடியும் என்று தாய்மாராகிய நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு எட்டு வயது, இளையவளுக்கு ஐந்து. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. பகலில் பிள்ளைகளைப் பார்ப்பவர் எழுபது வயதைத் தாண்டிய என் அம்மா.

கடந்த ஓகஸ்ட் விடுமுறைக்கு நான் பெரிய ஆயத்தங்களோடு இருந்தேன். வர்ணப் பென்சில், படம் கீறும் கொப்பி, விளையாட்டுக் களிமண், கதைப் புத்தகம் எல்லாம் வாங்கி, எந்த நாளுக்கு எது என்று அட்டவணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். இரண்டு கிழமைக்கென்று வாங்கியவை இரண்டு நாளில் முடிந்துவிட்டன. களிமண் பாயில் ஒட்டியது. வர்ணம் சுவரில் ஏறியது. மூன்றாம் நாள் வேலை முடிந்து வந்தபோது, இருவரும் ஒரே கைத்தொலைபேசிக்குள் தலையை விட்டபடி இருந்தார்கள். அம்மா ஒரு மூலையில் தனியாக இருந்தார்.

“காலமையிலிருந்து என்னோடை ஒரு வார்த்தை கதைக்கேல்லை” என்றார். குற்றம் சொல்லும் குரலில் அல்ல, சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு உறைத்தது.

அன்றிரவு மகன் தொலைபேசியில் ஒரு குதிரையின் படத்தைக் காட்டி, “அம்மா, இப்பிடிக் குதிரை எங்கடை நாட்டிலை இல்லையோ?” என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்கு முன்னர் அம்மா சொன்னார்: “ஏன் இல்லை? நான் பிறந்த ஊரிலை காடு முழுக்கக் குதிரைதான்.”

அம்மா பிறந்தது நெடுந்தீவில். நானும் அங்கேதான் பிறந்தேன். ஆனால் 1985 ஆம் ஆண்டு, நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே எங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டது. அதன் பின்னர் அம்மா ஒரு தடவையேனும் அந்தக் கடலைக் கடக்கவில்லை. கலியாணவீடு, செத்தவீடு எதற்கும் போகவில்லை. “உந்தக் கடலை இனி நான் கடக்கமாட்டன்” என்பதுதான் எப்போதும் அவருடைய பதில்.

“அப்ப எங்களுக்குக் குதிரை காட்டுங்கோ அம்மம்மா” என்று பேரப்பிள்ளைகள் இரண்டு நாள் விடாமல் நச்சரித்தார்கள். நாற்பது வருடமாக நாங்கள் கேட்டு நடக்காதது, ஐந்து வயதுக்காரி மடியில் ஏறியிருந்து கேட்டதும் நடந்துவிட்டது.

கடலைக் கடந்தோம்

நான் ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டேன். விடியற்காலையிலேயே புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு குறிகட்டுவானுக்கு பஸ் ஏறினோம். பண்ணைப் பாலத்தைத் தாண்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு வழியாக ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணம். இரண்டு பக்கமும் கடல், நடுவே றோட்டு. பரவைக் கடலில் நின்ற கொக்குகளை மகள் எண்ணத் தொடங்கினாள். அவளுக்கு இருபது மட்டும்தான் எண்ணத் தெரியும். ஒவ்வொரு இருபதுக்கும் அம்மா ஒரு விரலை மடக்கினார். புங்குடுதீவு வரும்போது இரண்டு கைவிரல்களும் முடிந்துவிட்டன. என் அட்டவணையில் இப்படி ஒரு விளையாட்டு இருக்கவில்லை.

குறிகட்டுவான் துறையிலிருந்துதான் நயினாதீவுக்கும் படகுகள் போகின்றன. நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் செல்லும். ஓகஸ்ட் மாதம் சோளகக் காற்றுக்காலம். கடல் கொஞ்சம் அடித்தது. படகில் கால் வைக்குமுன் அம்மா ஒரு கணம் நின்றார்.

“இது குமுதினியோ?”

“இல்லையம்மா, இது வேறை படகு.”

பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கரை போய்ச் சேரும்வரை அந்தக் கையை விடவில்லை. மகன் பாதி வழியில் சத்தி எடுத்தான். பக்கத்திலிருந்த ஒரு நெடுந்தீவு அம்மா தன் பையிலிருந்து தேசிக்காய் ஒன்றை எடுத்து, நகத்தால் கீறி, மணக்கக் கொடுத்தார். எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று விசாரித்ததில் அவர் அம்மாவுக்கு ஏதோ ஒரு வழியில் உறவாகவும் வந்துவிட்டார்.

கல்லும் மரமும் குதிரையும்

நெடுந்தீவில் இறங்கியவுடன் கண்ணில் படுவது கல்வேலி. அங்கே வளவுகளைச் சுற்றிக் கிடுகு வேலியோ சீமெந்து மதிலோ அதிகம் இல்லை. கடலில் விளைந்த பவளக் கற்களைச் சாந்து எதுவும் பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள். அம்மா பிள்ளைகளை ஒரு வேலியோரம் கூட்டிச்சென்று, “கிட்டப் போய்ப் பாருங்கோ, ஒரு கல்லைப்போலை மற்றக் கல் இராது” என்றார். தேன்கூடு, பூ, நட்சத்திரம், மூளை என்று ஒவ்வொரு கல்லிலும் ஒவ்வொன்றைக் கண்டுபிடித்தார்கள். நான் ஓட்டோ பிடித்து வந்து கூப்பிட்டபோது இருவருக்கும் வர மனமில்லை.

தீவைச் சுற்றிக் காட்டுவதற்கு ஓட்டோவும் ‘பட்டா’ வாகனமும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரம் ஒன்றின் பெயரான ‘டெல்ஃப்ட்’ என்பதை இத்தீவுக்கு வைத்தார்கள். வெளிநாட்டவர் இன்றும் அப்பெயராலேயே இதனை அறிவர். பவளக்கல்லால் கட்டிய பழைய கோட்டை இடிந்த நிலையில் நிற்கிறது. புறாக்கூடு என்று சொல்லப்படும் சிறிய கோபுரமும் உண்டு. அந்நியர் ஆட்சிக் காலத்தில் செய்தி அனுப்புவதற்காகப் புறாக்களை வளர்த்த இடம் அது என்று ஓட்டோக்காரத் தம்பி விளக்கினார். “அப்ப அது அந்தக் காலத்து வட்ஸ்அப்போ?” என்று மகன் கேட்க, எல்லோரும் சிரித்தோம்.

பிள்ளைகளுக்குக் கோட்டையைவிடப் பிடித்தது பெருக்கமரம். ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்பார்கள். யானைக்கால் போன்ற அடிமரத்தில் ஆட்கள் நுழையக்கூடிய பொந்து இருக்கிறது. பிள்ளைகள் உள்ளே போய் நின்று கூவினார்கள். பிறகு நாங்கள் நால்வரும் கை கோத்து மரத்தைச் சுற்றிப் பிடிக்கப் பார்த்தோம். எட்டவில்லை. ஓட்டோக்காரத் தம்பியும் வந்து கை கொடுத்தார்.

குதிரைகளைத் தேடித் தீவின் மற்றப் பக்கத்திலுள்ள புல்வெளிக்குப் போனோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலங்களில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்த மட்டக் குதிரைகள் இவை என்று சொல்லப்படுகிறது. இன்று எவருக்கும் சொந்தமில்லாமல் கூட்டமாகத் திரிகின்றன. வரட்சிக் காலங்களில் தண்ணீரின்றிக் குதிரைகள் இறந்த செய்தியைப் பத்திரிகைகளில் நாங்கள் படித்திருக்கிறோம். 2015 இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

குதிரையில் ஏறலாம் என்று நம்பி வந்த மகளுக்கு ஏமாற்றம். “கிட்டப் போனால் உதைக்கும் பிள்ளை. இதிலை சத்தம் போடாமல் இருப்பம். அதுகளே வரும்” என்றார் அம்மா. ஒரு பனையின் கீழே குந்தினோம். வீட்டில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்காத பிள்ளைகள் அரை மணித்தியாலம் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். கடைசியில் ஒரு குட்டியும் தாயும் எங்களைக் கடந்து நடந்துபோயின. மகள் என் காதில், “அதுகும் லீவிலை வந்திருக்கோ?” என்று கேட்டாள்.

அம்மம்மாவின் வளவு

பின்னேரம் அம்மா பிறந்த வளவுக்குப் போனோம். வீடு இல்லை. கல்வேலியின் ஒரு பக்கமும் கிணறும் நான்கைந்து பனைகளும்தான் மிச்சம். அம்மா அழுவார் என்று பயந்தேன். ஆனால் அவருக்கு அழ நேரம் கிடைக்கவில்லை. மகன் விழுந்துகிடந்த பனம்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, “இதை என்ன செய்யிறது?” என்று கேட்டான்.

அதிலிருந்து ஒரு மணித்தியாலம் போனது தெரியவில்லை. பனம்பழத்தைச் சூப்பி முகமெல்லாம் மஞ்சளாக்கினார்கள். அம்மா பனையோலையைக் கிழித்துக் காற்றாடி செய்து, முள்ளில் குத்தி ஈர்க்கில் பொருத்திக் கொடுத்தார். சோளகக் காற்றுக்கு அது விர்ரென்று சுழன்றது. பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதினார். சின்னக் கற்களைப் பொறுக்கிவந்து, காலை நீட்டியிருந்து மகளுக்குக் கொக்கான் வெட்டக் காட்டினார். மேலே எறிந்த கல் கீழே வருமுன் மற்றக் கல்லை வாரிய வேகத்தைப் பார்த்து நானே வாயைப் பிளந்தேன். என் அம்மாவுக்குக் கொக்கான் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. நான் சிறுமியாக இருந்தபோது இடம்பெயர்வும் பதுங்குகுழியுமாகவே காலம் போனது. என்னோடு விளையாட அவருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

திரும்பும் படகுக்காக மாவிலித்துறையில் காத்திருந்தபோது, அங்குள்ள நினைவுத்தூபியைக் காட்டி மகன், “இது என்ன அம்மம்மா?” என்று கேட்டான். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். அம்மா என்னைக் கையால் அமர்த்தினார்.

“1985 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் திகதி, குமுதினி எண்ட படகிலை இஞ்சையிருந்து போன சனத்தை நடுக்கடலிலை வெட்டிக் கொண்டுபோட்டினம். அவையை மறக்கக் கூடாது எண்டு கட்டினது.”

“சின்னப்பிள்ளையளும் இருந்தவையோ?”

“ஓம் ராசா, இருந்தவை.”

அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான். “உங்களுக்கு இப்ப படகிலை போகப் பயமில்லையோ?”

“காலமை பயமாத்தான் இருந்தது. இப்ப நீங்கள் இருக்கிறியள்தானே” என்றார் அம்மா.

போகும்போது அம்மா மகளின் கையைப் பிடித்திருந்தார். வரும்போது மகன் அம்மாவின் கையைப் பிடித்திருந்தான். பிள்ளைகளிடம் மறைக்க வேண்டும் என்று நான் நினைத்ததை, அம்மா நாலு வசனத்தில் பொய்யில்லாமல் சொல்லிவிட்டார். அவர்கள் அதைத் தாங்கிக்கொண்டார்கள்.

போக விரும்பும் தாய்மாருக்கு

நெடுந்தீவுக்குப் போக விரும்பும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள். படகு நேரங்கள் மாறக்கூடியவை. முதல் நாளே விசாரியுங்கள். பின்னேரப் படகைத் தவறவிட்டால் இரவு தீவிலேயே தங்கவேண்டி வரும். உயிர்காப்பு அங்கியைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் அணிவியுங்கள். தீவில் நல்ல தண்ணீர் அருமை. ஆகவே போதிய குடிநீர், தொப்பி, மாற்றுடுப்பு, ஒரு தேசிக்காய் கொண்டுசெல்லுங்கள். குதிரைகளுக்குத் தீன் கொடுக்கவோ கிட்டப் போகவோ விடவேண்டாம். பிளாஸ்ரிக் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

அன்றோடு பிள்ளைகள் கைத்தொலைபேசியை மறந்துவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். மறுநாளே கேட்டார்கள். ஆனால் கட்டிலைப் படகாக்கி, தலையணையைக் குதிரையாக்கி விளையாடிய பிறகுதான் கேட்டார்கள். மத்தியானத்தில் அம்மாவும் மகளும் விறாந்தையில் கொக்கான் வெட்டும் சத்தம் கேட்கிறது என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்.

எல்லோராலும் தீவுக்குப் போக முடியாது. பஸ் காசுக்கே யோசிக்கும் காலம் இது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அம்மம்மாவோ அப்பம்மாவோ, அயலில் ஒரு வயதான ஆச்சியோ இருப்பார். அவர் விளையாடிய விளையாட்டையும் நடந்த ஒழுங்கையையும் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் பொழுது போகும். மூலையில் இருப்பவருக்கும் பேச ஆள் கிடைக்கும்.

எங்கள் வீட்டில் அட்டவணையைக் கழற்றிவிட்டேன். போன கிழமை நாட்காட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அம்மா.

“எடி பிள்ளை, இதுகளுக்கு அடுத்த லீவு எப்ப?”